ஓப்-ஆம்ப் சிப்பை மேசையில் வைத்து வேலை வாங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், எமர்ஜென்சி லைட் என்று வருவதைப் பழுதுபார்க்கும் மேசை ஒன்று எனக்கு இருக்கிறது. சனி ஞாயிறு வந்தால் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள், படிப்பை விட்டும் இலத்திரனியலை விடாதவர்கள் வருவார்கள், கையில் ஒரு சிப்பும் நாலைந்து தடையிகளும், கூடவே "அண்ணே, புத்தகத்தில உள்ள மாதிரியே போட்டேன், வேலை செய்யுதில்ல" என்ற முறைப்பாடும் இருக்கும். பெரும்பாலும் அவர்கள் போட்ட கணக்கு சரியாகவே இருக்கும். புத்தகம் பேசுவது குறையே இல்லாத ஒரு சிப்பைப் பற்றி, மேசையில் கிடப்பதோ வேறு. அதைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவைதான் கீழே உள்ளவை.

ஓப்-ஆம்ப் என்றால் சுருக்கமாக என்ன?

பாடத்தில் செயற்பாட்டு விரியலாக்கி என்று வருவது இதுதான். இரண்டு பெய்ப்பு முனை (சமிக்ஞை உள்ளே போவது), ஒரு பயப்பு முனை (வெளியே வருவது). கூட்டல் முனையில் உள்ள வோல்டேஜில் இருந்து கழித்தல் முனையில் உள்ளதைக் கழித்து, மிச்சத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி வெளியே தரும். 741 சிப்பில் இந்தப் பெருக்கம், அதாவது திறந்த தட நயம், சுமார் 2 இலட்சம். வெளியே 5 வோல்ட் வர உள்ளே 25 மைக்ரோவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும். அதனால் இதைச் சும்மா விட்டால் கடைத் தராசு மாதிரி, ஒரு பக்கம் சிட்டிகை உப்பு கூடினாலும் தட்டு முழுசாகச் சாய்ந்துவிடும். அப்படிச் சாயவிட்டால் அது ஒப்பிடும் சுற்று. பயப்பில் இருந்து ஒரு பங்கைக் கழித்தல் முனைக்குத் திருப்பிக் கொடுத்துத் தட்டைச் சமமாக நிறுத்தினால் அது பெருக்கும் சுற்று. மற்ற எல்லாமே இந்த இரண்டில் இருந்து வருபவை.

"செயற்பாடு" என்ற பெயர் ஏன்?

கூட்டல், கழித்தல், தொகையிடல் போன்ற கணிதச் செயல்களை மின்சாரத்தால் செய்யும் ஒப்புமைக் கணினிகளுக்காக உருவானது. ஜான் ரகாஸினி என்பவரும் கூட்டாளிகளும் 1947இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள். அப்போது அது வெற்றிடக் குழாய்களால் ஆன பெட்டி. 1965இல் ஃபெயார்சைல்ட் நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709 சிப் நன்றாக விற்றது, ஆனால் ஊளையிடாமல் (தானாகவே அதிராமல்) இருக்க வெளியே கொள்ளளவிகள் போட வேண்டும், பயப்பைத் தவறுதலாகத் தரையில் (சுற்றின் பூச்சிய வோல்ட் முனையில்) தொட்டால் போச்சு. 1968இல் அதே நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் 30 பிக்கோஃபரட் கொள்ளளவியைச் சிப்புக்குள்ளேயே வைத்து, பயப்புக்குப் பாதுகாப்பும் கொடுத்து 741ஐக் கொண்டுவந்தார். யார் போட்டாலும் வேலை செய்தது, அதனால்தான் பாடப்புத்தகங்களில் இன்றுவரை நிலைத்துவிட்டது.

அப்போ 741 வாங்கலாமா?

வேண்டாம். பரீட்சைக்கு 741ஐப் படியுங்கள், மேசைக்கு எல்எம் 358 வாங்குங்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் இந்த ஒரு விஷயம் தெரியாமல் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் "எனக்கு இது வராது" என்று இலத்திரனியலையே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் உயர்தரம் படிக்கும்போது 741ஐ ஒரு 9 வோல்ட் பெட்டரியில் போட்டு, இருட்டானால் எரியும் எல்இடி ஒன்று செய்தேன். வெளிச்சத்திலும் எல்இடி அணையவே இல்லை, மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. லயத்துக் காம்பராவில் இரண்டு இரவு உட்கார்ந்து எல்லா வயரையும் கழற்றி மாட்டினேன். வயரில் ஒரு குறையும் இல்லை. 741இன் பயப்பு கீழே தரைவரை இறங்காது, கிட்டத்தட்ட 2 வோல்ட்டில் நின்றுவிடும், சிவப்பு எல்இடிக்கு அதுவே போதும். அந்தச் சிப் கூட்டல் 15, கழித்தல் 15 என்ற இரட்டை மின் வழங்கலுக்காகப் பிறந்தது, அங்கே இரண்டு பக்கமும் 2 வோல்ட் போனாலும் மிச்சம் நிறைய இருக்கும். 9 வோல்ட்டில் மேலே இரண்டும் கீழே இரண்டும் போனால் பாதி வீடு போன மாதிரி.

358 அப்படி இல்லை. 3 வோல்ட்டில் இருந்து 32 வோல்ட்வரை ஒற்றை வழங்கலில் ஓடும், பெய்ப்பு தரைவரை இறங்கலாம், பயப்பும் சுமை லேசாக இருந்தால் தரைக்குச் சில மில்லிவோல்ட் பக்கத்தில் வரும். ஒரே சிப்பில் இரண்டு ஓப்-ஆம்ப். விலையும் குறைவு. ஆனால் மேல்பக்கத்தில் இதற்கும் எல்லை உண்டு, வழங்கலை விட 1.5 வோல்ட் குறைவாகத்தான் ஏறும். போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டினால் அதிகபட்சம் 3.5 வோல்ட் அளவுதான் கிடைக்கும், "கணக்கில் 4.2 வருது, மீட்டரில் 3.5க்கு மேல ஏறுதில்ல" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 5 வோல்ட்டில் மேலேயும் கீழேயும் முழுசாகப் போக வேண்டுமென்றால் எம்சிபி 6002 மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் அதற்கு 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது.

பொன் விதி இரண்டையும் எப்போது நம்பலாம்?

ஒன்று, பெய்ப்பு முனைகள் மின்னோட்டம் எடுப்பதில்லை. இரண்டு, இரண்டு பெய்ப்புகளும் ஒரே வோல்டேஜில் இருக்கும்படி பயப்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். முதல் விதியைச் சின்னத் தடையிகளோடு நம்பலாம்: 358இன் பெய்ப்பு சில பத்து நானோஅம்பியர் எடுக்கும், 10 கிலோ ஓமில் அது ஒரு மில்லிவோல்ட்கூட வராது, 1 மெகா ஓமில் பத்து மில்லிவோல்ட் கணக்கில் வந்துவிடும்.

இரண்டாவது விதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அது விதி இல்லை, பின்னூட்டலின் விளைவு. பயப்பில் இருந்து கழித்தல் முனைக்கு வழி இருக்க வேண்டும், பயப்பு போக வேண்டிய இடம் வழங்கலுக்குள்ளே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பெய்ப்புகள் சமமாக இராது. இதையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம்: பெருக்கும் சுற்று சரியாக இல்லையென்றால் முதலில் மீட்டரை இரண்டு பெய்ப்புகளுக்கும் நடுவே வையுங்கள். சில மில்லிவோல்ட்தான் என்றால் ஓப்-ஆம்ப் தன் வேலையைச் செய்கிறது, பிழை வெளியே. அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் பயப்பு எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கிறது, அல்லது பின்னூட்டல் வயர் விட்டுப்போயிருக்கிறது. என் மேசைக்கு வரும் சுற்றுகளில் பாதியை இந்த ஒரு அளவையிலேயே பிடித்துவிடுவேன்.

நயத்துக்கு எந்தத் தடைகளைப் போடுவது?

சமிக்ஞை கூட்டல் முனைக்குப் போனால், நயம், அதாவது எத்தனை மடங்கு பெருகும் என்பது = 1 + (பின்னூட்டத் தடை ÷ தரைத் தடை). பின்னூட்டத் தடை பயப்பில் இருந்து கழித்தல் முனைக்குப் போவது, தரைத் தடை கழித்தல் முனையில் இருந்து தரைக்குப் போவது. 90 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் போட்டால் 10. கழித்தல் முனைக்குப் போனால் அந்த 1 இல்லை, குறியும் மாறும். ஒற்றைப் பெட்டரியில் ஓட்டும்போது குறி மாறும் சுற்றைப் போட்டால் பயப்பு தரைக்குக் கீழே போகப் பார்த்து பூச்சியத்திலேயே உட்கார்ந்துவிடும், அதனால் உணரிகளுக்குக் கூட்டல் முனை வழியையே பிடியுங்கள். அளவு விஷயத்தில் 10 கிலோ ஓமுக்கும் 100 கிலோ ஓமுக்கும் இடையில் நின்றால் நிம்மதி. சில நூறு ஓம் போட்டால் பெட்டரி வீண், பல மெகா ஓம் போட்டால் நம் ஊர் ஈரமே குறுக்கே ஒரு தடையாக வந்து நிற்கும்.

முனை எண்களைச் சொல்லுங்கள்.

பள்ளம் வெட்டிய பக்கத்தை மேலே வைத்தால் இடது மேல் மூலை 1, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும். 358இல் 1 பயப்பு, 2 கழித்தல், 3 கூட்டல், 4 தரை, 5 கூட்டல், 6 கழித்தல், 7 பயப்பு, 8 வழங்கல். 741இல் வழங்கல் 7, பயப்பு 6. ஆகவே 741 இருந்த இடத்தில் 358ஐ அப்படியே குத்தாதீர்கள்.

ஒரே ஒரு 9 வோல்ட் பெட்டரி இருக்கிறது, மைனஸ் வழங்கலுக்கு எங்கே போவது?

வெப்பம், வெளிச்சம், பெட்டரி அளவு மாதிரி எப்போதும் தரைக்கு மேலேயே இருக்கும் சமிக்ஞைகளுக்கு மைனஸ் தேவையே இல்லை, 358 பார்த்துக்கொள்ளும். குரல், பாட்டு மாதிரி மேலும் கீழும் ஆடும் சமிக்ஞைக்குத்தான் நடுவில் ஒரு போலித் தரை வேண்டும். இரண்டு 10 கிலோ ஓம் தடையியைப் பெட்டரிக்குக் குறுக்கே தொடராகப் போட்டு, நடுப்புள்ளியில் இருந்து தரைக்கு 10 மைக்ரோஃபரட் கொள்ளளவி வைத்தால் 4.5 வோல்ட் நிலையாகக் கிடைக்கும். அதில் இருந்து ஓட்டம் இழுக்க வேண்டிய சுற்றென்றால் 358இன் இரண்டாவது பாதியைப் பின்தொடரியாக்கி, அதாவது பயப்பை நேரே கழித்தல் முனையோடு சேர்த்து, அதன் வழியே எடுங்கள். பெரிய கொள்ளளவியைப் பின்தொடரியின் பயப்பில் தொங்கவிடாதீர்கள், ஊளையிடத் தொடங்கும். தடையிகளின் நடுப்புள்ளிதான் அதற்கு இடம்.

பனி விழும் இரவில் எழுப்பிவிடும் அலாரம் ஒன்று செய்ய முடியுமா?

இந்தக் கேள்வி கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடும் ஒரு வீட்டுப் பிள்ளையிடம் இருந்து வந்தது, எனக்கு மிகப் பிடித்த கேள்வி. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்தில் தை, மாசியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் பள்ளமான நிலத்தில் குளிர் தேங்கி, விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். கொழுந்தும் செடியும் கருகிவிடும். ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால் மூடலாம், தண்ணீர் தெளிக்கலாம்.

வேண்டியது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டர், பீட்டா 3950 என்று போட்ட வகை. குளிர் ஏற ஏற இதன் தடை கூடும். கணக்குப் போட்டால் 4 டிகிரியில் சுமார் 27 கிலோ ஓம், பூச்சியத்தில் 33 கிலோ ஓம் சொச்சம். 27 கிலோ ஓம் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தடையி, அதனால் எச்சரிக்கையை 4 டிகிரியில் வைப்பது சுலபம். பூச்சியத்தில் வைத்தால் அலாரம் அடிக்கும்போது பனி ஏற்கனவே விழுந்திருக்கும்.

வழங்கலில் இருந்து 27 கிலோ ஓம், அதற்குக் கீழே தெர்மிஸ்டர், அதன் மறுமுனை தரை. இரண்டும் சேரும் புள்ளி 358இன் 3ஆம் முனைக்கு. இன்னொரு பக்கம் இரண்டு 10 கிலோ ஓம் தடையிகளைத் தொடராகப் போட்டு நடுப்புள்ளி 2ஆம் முனைக்கு. 4 டிகிரிக்கு மேலே 3ஆம் முனை பாதி வழங்கலுக்குக் கீழே இருக்கும், பயப்பு தரையில் கிடக்கும். குளிர்ந்தால் அது பாதியைத் தாண்டும், பயப்பு மேலே ஏறும். 1ஆம் முனையில் இருந்து 4.7 கிலோ ஓம் வழியாக பிசி 547 திரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்), திரான்சிஸ்டர் பஸரை ஓட்டும். இரண்டு பக்கமும் ஒரே பெட்டரியைப் பங்கு போடுவதால் பெட்டரி இறங்க இறங்க அளவு மாறாது, இந்தச் சுற்றில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்படியே விட்டால் சரியாக 4 டிகிரியில் பஸர் கிர்ர் கிர்ர் என்று விட்டு விட்டு அடிக்கும், தராசு நடுவில் ஆடுகிற மாதிரி. 1ஆம் முனையில் இருந்து 3ஆம் முனைக்கு ஒரு 1 மெகா ஓம் போடுங்கள். 9 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3.5 டிகிரியில் அடிக்கத் தொடங்கி, 4.3 டிகிரி ஆனால்தான் நிறுத்தும். இது கூட்டல் முனைக்குப் போகும் பின்னூட்டல், ஆகவே பொன் விதி இங்கே செல்லாது, பெய்ப்புகள் சமமாக இல்லை என்று பயப்பட வேண்டாம்.

தெர்மிஸ்டரைச் செடி உயரத்தில், திறந்த வானத்துக்குக் கீழே வையுங்கள். வீட்டுக் கூரை ஓரத்தில் வைத்தால் நிலத்தில் பனி விழுந்த பிறகும் அலாரம் சும்மா இருக்கும், தரையோரக் குளிர் அங்கே ஏறாது. சரிபார்க்க, தெர்மிஸ்டரைச் சின்னப் பொலித்தீன் பையில் கட்டி உருகும் ஐஸ் தண்ணீரில் முக்குங்கள், அடிக்க வேண்டும். வெளியே எடுத்துக் கையில் பிடித்தால் நிற்க வேண்டும். பஸர் அடிக்காத நேரத்தில் சுற்று 1 முதல் 1.5 மில்லியம்பியர்வரை எடுக்கும், சின்னச் சதுர 9 வோல்ட் பெட்டரி இரண்டு வாரம் ஓடுவதே பெரிது. ஆறு பென் டோர்ச் செல்களைத் தொடராகப் போட்டால் பனிக்காலத்தில் பெரும்பகுதியைத் தாங்கும்.

ஒப்பிட 393 சிப் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

எல்எம் 393 ஒப்பிடுவதற்கென்றே செய்தது, 358ஐ விட வேகம். முனைகள் இரண்டுக்கும் ஒன்றே, ஆனால் 393இன் பயப்பு கீழே மட்டும் இழுக்கும், மேலே தள்ளாது. வழங்கலுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட மறந்தால் செத்த சிப் மாதிரியே இருக்கும். பனி அலாரம் மாதிரி மெதுவான வேலைக்கு 358 தாராளம்.

தேயிலைத் தொழிற்சாலையில் பார்க்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வித்தியாசத்தை மீட்டரில் காட்ட முடியுமா?

முடியும். கொழுந்தை வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகளை, ஒன்றை ஈரத்துணி சுற்றியும் மற்றதை உலர்வாகவும் வைத்து இரண்டின் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். வித்தியாசம் கூடினால் காற்று உலர்ந்திருக்கிறது, குறைந்தால் ஈரம். கழிப்பது ஓப்-ஆம்பின் பிறவி வேலை, பெயரே அதில் இருந்து வந்ததுதானே.

எல்எம் 35 உணரி டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். இரண்டு வாங்குங்கள். ஈர உணரியில் இருந்து 10 கிலோ ஓம் வழியாகக் கழித்தல் முனைக்கு, உலர் உணரியில் இருந்து 10 கிலோ ஓம் வழியாகக் கூட்டல் முனைக்கு. பயப்பில் இருந்து கழித்தல் முனைக்கு 100 கிலோ ஓம், கூட்டல் முனையில் இருந்து தரைக்கு 100 கிலோ ஓம். வித்தியாசம் பத்து மடங்காகி, ஒரு டிகிரிக்கு 100 மில்லிவோல்ட் வரும். மீட்டரில் 0.5 வோல்ட் என்றால் 5 டிகிரி.

இங்கே தடையிகளின் தரம் உண்மையாகவே முக்கியம். இரண்டு உணரியும் 25 டிகிரியில், அதாவது 250 மில்லிவோல்ட்டில் இருக்கும்போது பயப்பு பூச்சியம் காட்ட வேண்டும். 5 சதவீதத் தடையிகள் போட்டால் மோசமான நிலையில் கிட்டத்தட்ட அரை டிகிரி பிழை அதிலேயே வரும், 1 சதவீதம் என்றால் அது பத்தில் ஒரு டிகிரிக்குள் அடங்கும். அப்புறம் 358இன் சொந்தப் பிழை: அதன் இரண்டு பெய்ப்புகளுக்கும் இடையே பிறவியிலேயே 2, 3 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கலாம், கெட்ட சிப்பில் 7 வரை போகும். 7 மில்லிவோல்ட் என்றால் 0.7 டிகிரிக்கும் மேல்! ஆகவே கட்டியவுடன் இரண்டு உணரியையும் உலர்வாக, பக்கத்தில் பக்கத்தில் கட்டிப் பத்து நிமிடம் விட்டு, பயப்பைக் குறித்துக்கொண்டு, இனி வரும் ஒவ்வொரு அளவிலும் அதைக் கழியுங்கள். அப்போது சரியாகப் பூச்சியம் காட்டினால் சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம், பிழை மைனஸ் பக்கம் இருந்து தரையில் முட்டி நிற்கலாம். உலர் உணரியை விரலால் சூடாக்கும்போது உடனே ஏறத் தொடங்குகிறதா என்று பாருங்கள், தாமதித்தால் சிப்பின் மற்றப் பாதியையோ வேறு சிப்பையோ மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

உணரிகளின் கால்களை எபொக்சியோ சுருங்கு குழாயோ போட்டு மூடுங்கள், ஈரத்துணியில் ஊறினால் அளவு போச்சு. நீள வயர் என்றால் 10 கிலோ ஓம் தடையியை உணரியின் பக்கத்திலேயே வையுங்கள், வயரின் கொள்ளளவம் எல்எம் 35ஐ ஆட்டிவைக்காது. மூடுபனி இறங்கிய நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே காட்டும், அது பழுதில்லை.

மைக் ஆம்ப்ளிஃபயர் செய்தேன், பாட்டு மந்தமாகக் கேட்கிறது, உம்ம்ம் என்ற சத்தமும் வருகிறது.

இரண்டு வேறு நோய்கள். மந்தம் ஏன் என்றால், ஓப்-ஆம்பில் நயத்தையும் வேகத்தையும் ஒரே பையில் இருந்துதான் எடுக்க வேண்டும். 358க்கு அந்தப் பை சுமார் 0.7 மெகாஹேர்ட்ஸ். ஒரே தட்டில் 100 மடங்கு கேட்டால் 7 கிலோஹேர்ட்ஸோடு முடிந்தது, பேச்சுக்கு அது போதும், தவிலின் வெட்டும் ஜால்ராவும் காணாமல் போகும். பத்துப் பத்தாக இரண்டு தட்டில் பெருக்குங்கள், அதே 100 மடங்கு, ஒவ்வொரு தட்டும் 70 கிலோஹேர்ட்ஸ்வரை போகும், சிப்பில்தான் இரண்டு ஓப்-ஆம்ப் இருக்கிறதே. 358இன் பயப்பு மேலே தள்ளுவதில் இருந்து கீழே இழுப்பதற்கு மாறும் இடத்தில் கரகரப்பு வரும், பயப்பில் இருந்து தரைக்கு ஒரு 4.7 கிலோ ஓம் போட்டால் அது பெரும்பாலும் அடங்கும். கோயில் திருவிழாவுக்குக் கேட்கும்படி நல்ல ஒலி வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் டிஎல் 072 போடுங்கள். பை 3 மெகாஹேர்ட்ஸ், இரைச்சலும் குறைவு, முனைகள் 358 மாதிரியே. ஆனால் அதன் பெய்ப்பைத் தரைவரை இறக்கக்கூடாது, போலித் தரை கட்டாயம்.

உம்ம்ம் என்பது 50 ஹேர்ட்ஸ் வீட்டுக் கரண்ட். மைக் வயரைக் கவச வயராக மாற்றி, கவசத்தைச் சுற்றின் பக்கம் மட்டும் தரையோடு சேருங்கள், டிரான்ஸ்ஃபார்மரை ஒரு முழம் தள்ளி வையுங்கள். பெட்டரியில் ஓட்டும்போது சத்தம் நின்றால் குற்றவாளி வழங்கல்தான், வயர் அல்ல.

சிப் சூடாகிறது, அல்லது காரணமில்லாமல் ஊளையிடுகிறது?

விரல் வைக்க முடியாத சூடு என்றால் திருப்பிக் குத்தியிருப்பீர்கள், அல்லது பயப்பு எங்கேயோ தொட்டிருக்கிறது. உடனே பெட்டரியைக் கழற்றுங்கள். ஊளைக்கு முதல் மருந்து, 8ஆம் முனைக்கும் 4ஆம் முனைக்கும் நடுவே, சிப்பை ஒட்டி, 100 நானோஃபரட் செராமிக் கொள்ளளவி. ஒவ்வொரு சுற்றிலும் கேள்வி கேட்காமல் போடுங்கள். பயப்பில் நீளமான கவச வயர் தொங்கினால் தொடரில் ஒரு 100 ஓம்.

சிப்பின் மற்றப் பாதியைப் பயன்படுத்தவில்லை, சும்மா விடலாமா?

வேண்டாம். பயப்பைக் கழித்தல் முனையோடு சேர்த்து, கூட்டல் முனையை வழங்கலின் நடுவில் எங்காவது கட்டிவிடுங்கள்.

மழை, மின்னல், ஈரம்: எங்கள் பக்கத்தில் சுற்று ஒரு வருடம்கூட நிற்பதில்லையே?

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் ஆனால் இடி இல்லாத நாள் குறைவு. தோட்டத்தில் இருபது மீட்டர் வயர் இழுத்தால் அது ஏரியல் மாதிரி, பக்கத்தில் மின்னல் விழுந்தாலே பெய்ப்பு செத்துவிடும். உணரி வயர் சிப்புக்குள் நுழையும் இடத்தில் தொடரில் 10 கிலோ ஓம், அப்புறம் அங்கிருந்து வழங்கலுக்கும் தரைக்கும் தலா ஒரு 1என் 4148 இருவாயி (டயோட்), சாதாரணமாகக் கடத்தாத திசையில். பனி அலாரத்தில் 1 மெகா ஓம் இருக்கிறதே, அதைத் தெர்மிஸ்டர்ப் புள்ளியிலேயே விட்டுவிட்டு இந்த 10 கிலோ ஓமை அதற்கும் 3ஆம் முனைக்கும் நடுவே போடுங்கள், அளவு மாறாது. நேரே விழும் இடியை இதெல்லாம் தடுக்காது. இடி தொடங்கினால் வயரைக் கழற்றிவிடுங்கள், அந்த நேரம் மேசையிலும் உட்கார வேண்டாம்.

ஈரம் மெதுவாகக் கொல்லும். மழைக்காலத்தில் பிரெட்போர்டின் துளைகளுக்கு இடையேயே கசிவு வரும், நல்ல வெயிலில் சரியாக இருந்த சுற்று மூடுபனியில் பொய் சொல்லும். நிரந்தரமாக வேண்டியதைப் போர்டில் சோல்டர் செய்து, பிசினை ஸ்பிரிட்டால் நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலே நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசுங்கள். பெட்டியில் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை, நீர் கோத்தால் வடிந்துவிடும்.

சாமான் எங்கே வாங்குவது?

கண்டியில் கிடைக்கும், கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாமே கிடைக்கும். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் வீட்டில் கிடக்கும் பழைய போர்டுகளைப் பாருங்கள். பழைய சார்ஜர்களில் 358, யுபிஎஸ் போர்டுகளில் 324 (நாலு ஓப்-ஆம்ப் உள்ளது, மற்றபடி 358இன் அண்ணன்), கணினி வழங்கல்களில் 339 அல்லது 393 அடிக்கடி இருக்கும். யுபிஎஸ், வழங்கல் பெட்டிகளில் பெரிய கொள்ளளவி கரண்ட் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும், மீட்டரால் அளந்து வெறுமையானதை உறுதிசெய்யாமல் கை வைக்காதீர்கள்.

கழற்றிய சிப் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் மட்டும் வைத்துப் பார்ப்பது எப்படி?

9 வோல்ட் கொடுங்கள். 1ஐயும் 2ஐயும் வயரால் சேருங்கள். இரண்டு டோர்ச் செல்லைத் தொடராகப் போட்டு, கழித்தல் பக்கத்தைத் தரைக்கும் கூட்டல் பக்கத்தை 10 கிலோ ஓம் வழியாக 3ஆம் முனைக்கும் கொடுத்தால் 1ஆம் முனையில் அதே 3 வோல்ட் அளவு வர வேண்டும். செல்லைக் கழற்றி அந்த 10 கிலோ ஓமைத் தரையில் தொட்டால் பூச்சியத்துக்கு இறங்க வேண்டும். பிறகு வழங்கலில் தொட்டால் 7.5 பக்கத்தில் நிற்கும். மூன்றும் வந்தால் அந்தப் பாதி நல்லது. 5, 6, 7 முனைகளிலும் இதையே செய்து, நல்லதை ஒரு டப்பாவிலும் சந்தேகமானதை வேறு டப்பாவிலும் போடுங்கள்.